அண்ணியின் கையும் நாள் தள்ளிப்போட்ட மாத்திரையும்

அன்புள்ள அண்ணி,

யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தே, அல்சூர் ஏரி மேல் ஆணையாக இந்தக் கதையைத் தொடங்குகிறேன். இன்று காலை தெருமுனை மருந்துக்கடையில் பிரஷர் பார்த்தேன். கையில் சுற்றிய பட்டையைக் கடைக்காரர் சர்ரென்று பிரித்தார். அந்தச் சத்தத்தில் நீங்கள் என் நினைவில் வந்து நின்றுவிட்டீர்கள். என் அளவைப் பார்த்து மெஷின் மயங்கி விழுந்ததாக வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

மருத்துவக் கல்லூரியில் அண்ணிக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம், பெங்களூர்ப் பெண்களின் ரத்த ஓட்டத்தை நிறுத்தித் திறந்துவிடும் அதிகாரி என்பேன். அதில் பொய் கொஞ்சம்தான். முழங்கைக்குக் கீழே பட்டை கட்டிக் காற்றடித்துச் சில நிமிஷம் ரத்தத்தை நிறுத்துவீர்கள். தளர்த்தியதும் ரத்தம் பாயும். மேல்கையின் ரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று, ஸ்கேன் கருவியைக் கை அசையாமல் பிடித்துப் பார்ப்பீர்கள். முதல் மாதம் என் மனைவி வசந்தியின் கையில், எந்நேரமும் வண்டிகள் அடைத்துக்கிடக்கும் சில்க் போர்டு சிக்னலே பச்சையானது. இரண்டு தண்ணீர் லாரியும் ஒரு கல்யாண ஊர்வலமும் அதற்குள் போனதைக் கண்ணால் கண்டேன்.

"மாசம் பூரா ஒரே மாதிரி விரியாது தம்பி. விலக்கு நாள்ல ஹார்மோன் கம்மி. நடுவுல, கருமுட்டை வெளிய வர்றதுக்கு முன்னாடி அது ஏறும். அப்போ குழாய் நல்லா இளகிக் கொடுக்குதுன்னு பல பேர் சொல்றாங்க. பெருசா வித்தியாசம் இல்லைங்கிறவங்களும் இருக்காங்க. அதான் அளந்து பார்க்கிறோம்."

"ஆம்பளைக்கு?"

"உங்களுக்கு ஏது இந்த ஏத்த இறக்கம்? அதனாலதான் ரொம்ப நாளா உங்களையே அளந்துக்கிட்டு, பொம்பளைங்கன்னா தொல்லைன்னு விட்டுட்டாங்க."

அடுத்த மாதம் வசந்தியை மறுபடி கூட்டிவந்தேன். காபி குடிக்காமல் வரவேண்டும் என்பது உங்கள் சட்டம். காபி இல்லாத வசந்தி பார்த்த பார்வையில் ஆட்டோவின் பெயின்ட் உரிந்தது. மருமகளுக்குக் கரண்ட் வைக்கிறார்களோ என்று பார்க்க அம்மாவும் ஏறிக்கொண்டாள்.

"கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சே? மாத்திரை ஏதாவது போட்டியா?" என்று கேட்டீர்கள்.

வசந்தி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வரமகாலட்சுமி பூஜைக்கு முன்னாடியே வந்து முடிஞ்சிருச்சு அக்கா. மாத்திரை ஒண்ணும் இல்லை."

அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். அந்தக் கணக்குப்படி குழாய் நன்றாக விரிய வேண்டிய நாள் அது. சில்க் போர்டு அசையவில்லை. மறுநாள் வரச் சொல்லி அளந்தீர்கள், அன்றும் அப்படியே.

உங்கள் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் சின்ன வயசு, மரியாதையானவர். "கை சோர்ந்து போச்சோ மேடம்? கொஞ்ச நாள் வேற யாராவது மெஷினைப் பார்க்கட்டுமே" என்றாராம். சாயங்காலம் நம் வீட்டுச் சமையலறையில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "நடுங்குதா பாருங்க தம்பி" என்றீர்கள். அந்தக் கைதான் உங்கள் உத்தியோகம். எனக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை, அண்ணி. சரித்திரத்திலேயே அது முதல் தடவை.

வசந்தி பூண்டு உரிப்பதை நிறுத்தினாள். "அக்கா, இவரை வெளிய போகச் சொல்லுங்க."

"நான் என்னடி பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை. அங்கயும் இப்படித்தான் ஒண்ணும் பண்ணாம உக்காந்திருந்தீங்க."

"எழுந்திரிங்க தம்பி," என்றீர்கள். "கதவைச் சாத்திட்டுப் போங்க."

போனேன். ஆனால் சமையலறை ஜன்னலைக் கட்டியவன் அதை நடைபாதைப் பக்கம் வைத்தது என் தப்பா? வசந்தி சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. பூஜையன்று விலக்கு வந்துவிடுமோ என்று பயந்து, நாள் தள்ளிப்போடும் மாத்திரை போட்டிருக்கிறாள். அம்மாவிடம் எல்லாம் முன்னாடியே முடிந்துவிட்டதாகச் சொல்லிக் கலசத்துக்குப் புடவை கட்டியிருக்கிறாள். அதே அம்மா பக்கத்தில் இருக்கும்போது உங்களிடம் மாற்றிச் சொல்ல முடியவில்லை. நிஜத்தில், நீங்கள் அளந்த இரண்டு நாளும்தான் அவளுக்கு விலக்கு.

"அடிப்பாவி," என்றீர்கள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

மறுநாள் டாக்டரிடம், மாத்திரை போட்டதால் அந்த மாத அளவு செல்லாது என்று நீங்களே சொல்லி நீக்கச் சொன்னீர்கள்.

"அப்போ உங்க கை சரியாத்தான் இருந்திருக்கு மேடம்."

"கை சரிதான் சார். கேட்ட இடம்தான் தப்பு. மாமியாரையும் புருஷனையும் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டேன்."

மெஷின் உங்களிடமே இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெண்ணையும் தனியாக உட்காரவைத்துத்தான் கேட்டீர்கள்.

வசந்தி அம்மாவிடமும் ஒருநாள் சொல்லிவிட்டாள். வீடு இடிந்து விழும் என்று நான் பெட்டியெல்லாம் கட்டிவிட்டேன். அம்மா வெற்றிலையை மென்று முடித்தாள். "இதுக்குப் போய் மாத்திரையா? நானெல்லாம் வந்தாலும் வரலைன்னு சொல்லிட்டுக் கலசம் வச்சிருக்கேன்." சுவரில் மாட்டியிருந்த மகாலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததற்கு நான் சாட்சி.

அண்ணி, இதில் எதையும் யாரும் நம்ப வேண்டாம். லாரி பொய், ஊர்வலம் பொய், பெட்டி கட்டியதும் பொய். ஒன்று மட்டும் நிஜம். வசந்தியோடு போனாலும், மகளோடு போனாலும், டாக்டர் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஜன்னல் இல்லாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.