மூடிய கைக்குள் இருந்த பல்

போனவளுக்கு எழுதுகிறேன் என்று கோபிக்காதே. உயிரோடு இருந்திருந்தால், "எடியே தோட்டத்து டொக்டர், ஒரே அறைக்குள்ள இருந்துகொண்டு கடிதமோ?" என்று கேட்டிருப்பாய். நேரில் சொல்ல வராததை எழுத்தில் சொல்லும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இன்று காலை ஆய்வுகூடத்தில் பால் போத்தலைத் திறந்தேன். பல்வரிசையைச் சீராக்கப் பிடுங்கிய ஒரு பல் சிகிச்சை நிலையத்திலிருந்து வந்திருந்தது. அதைப் பாலில் போடவேண்டும். மணம் மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாக மூடிக்கொண்டது. விரல்களை விரிக்கச் சற்று நேரம் எடுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையில், நம் அறை. படலையைத் தட்டும் சத்தம் கேட்டுக் குளியலறையிலிருந்து ஓடி வந்தாய். ஈரத்தில் வழுக்கி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வாய் அடிபட்டது. மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று சீமெந்துத் தரையில் கிடந்தது. வீட்டுக்கார அன்ரி குனிந்தா. "உப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவு பிள்ளை, மண் பட்டிட்டுது."

"தொடாதீங்க அன்ரி!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

வேரில் கை படாமல், பல்லை மேற்பக்கமாகப் பிடித்துப் பால் கோப்பையில் போட்டேன். உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்: பல் எலும்பில் ஆணி போல அடித்து வைத்ததல்ல, வேரைச் சுற்றியிருக்கும் ஆயிரக்கணக்கான மெல்லிய நார்களில் ஏணை போலத் தொங்குகிறது. வெளியே விழுந்த வேரில் அந்த நார்களின் மிச்சம் உயிரோடு ஒட்டியிருக்கும். காய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் செத்துவிடும். செத்த நாரைத் திரும்ப வளர்க்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. நீ கொட்டாவி விட்டபடி கேட்பாய்.

படலையைத் தட்டியது இராணுவம், சுற்றிவளைப்புத் தேடுதல். ஒழுங்கை முழுவதையும் வெளியே வரச் சொன்னார்கள். இரண்டு முனையும் அடைத்திருந்தது. வாயில் துவாயை அழுத்தியபடி நீ நின்றாய், கோப்பையோடு நான். ஒரு சிப்பாய் வந்து, "மேக்க மொகத்த?" என்றான். இது என்ன என்று கேட்கிறான், அவ்வளவுதான். உனக்குச் சிங்களம் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும்; பண்டாரவளைக் கடைகளில் அப்பாவுக்காகக் கதைத்து வளர்ந்தவள் நான். ஆனால் வாய் திறக்கவில்லை. அவன் பாலை நிலத்தில் ஊற்றினான். விழுந்த பல்லைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

பல்லை எடுத்து உள்ளங்கையில் மூடினேன். "இவளுக்குப் பல் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு விடுங்கள்" என்ற வசனத்தைச் சிங்களத்தில் கட்டினேன். பிழை பார்த்தேன். மரியாதைச் சொல் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என் அடையாள அட்டையில் தேயிலைத் தோட்டத்து விலாசம். உன்னுடையதில் வவுனியா, போர் நடக்கும் பக்கம். வாயைத் திறந்தால் இன்னும் என்னென்ன கேட்பார்களோ என்று பயம்.

வெயில் ஏறியது. நீ துவாயை விலக்கி, இரத்தத்தோடு சொன்னாய்: "நீயே வை."

"நான் டொக்டர் இல்ல."

"தெரியும். வையடி."

வைத்திருக்கலாம். குழி திறந்திருந்தது. மெல்ல அழுத்தினால் போதும். அதைவிடச் சிறந்த மருத்துவம் இல்லை என்று பக்கம் பக்கமாக வாசித்தவள் நான். குறைந்தது உன் கன்னத்துக்குள்ளாவது அடக்கியிருக்கலாம். பட்டம் இருந்தது, அதிகாரம் இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியது நான் மட்டும். யாராவது அனுமதி தந்தால்தான் எதையும் தொடலாம் என்ற பழக்கம் என்னோடு பல்கலைக்கழகம்வரை வந்துவிட்டது. இரண்டரை மணி நேரம் என் கை மூடியே இருந்தது.

பின்னேரம் பல் வைத்தியர் அதை இடத்தில் வைத்துக் கம்பி கட்டினார். நீ கண்ணாடி பார்த்து, "பழைய வடிவுதான்" என்றாய். சில மாதம் கழித்து நகத்தால் தட்டிக் காட்டினாய். "இஞ்ச பார், பீங்கான் கோப்பை மாதிரிச் சத்தம்." நான் சிரித்தேன். அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். நார் செத்துவிட்டது. எலும்பு வேரை நேராகப் பிடித்துவிட்டது. அசையவும் விடாது, மெல்ல மெல்லத் தின்னும். மூன்று வருடம் அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ சிரிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பல்லைத்தான் பார்த்தேன்.

முறுக்குக் கடித்தபோது அது முறிந்தது. கையில் வந்தது மேற்பாகமும், கறையான் அரித்தது போன்ற ஒரு வேர்த்துண்டும். அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னேன். நீ அதைத் துவாயில் துடைத்தாய். பிறகு பொட்டுச் சிமிழுக்குள் அதைப் போட்டு மூடினாய். "உனக்குத் தரமாட்டன். நீ வெட்டிப் பாப்பாய். செத்தாலும் தரமாட்டன்."

அடுத்த மழைக்கு டெங்கு. ஆறு நாள். வவுனியாவை விட்டு வெளியேற இராணுவத்திடம் பாஸ் எடுத்து உன் அம்மா வந்து சேர்ந்தபோது நீ இல்லை. பொரளைச் சுடலையில் எல்லாம் முடிந்த மறுநாள் அம்மா உன் உடுப்புகளை மடித்தா. சிமிழைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டா, "பிள்ளை, இது உன்ர ஆராய்ச்சிச் சாமானோ?"

"ஓம்" என்றேன். அந்த "ஓம்" எங்கள் வீட்டு "ஆமா"வுக்குப் பதிலாக உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிய சொல். உன் உடம்பில் எரியாமல் மிஞ்சியது அந்தப் பல் ஒன்றுதான். பெற்றவளிடமிருந்து அதை ஒரே சொல்லில் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் அதே அறைதான். அறையில் தங்கும் தமிழர்களின் பொலிஸ் பதிவுக் கடதாசியில் இப்போது என் பெயர் மட்டும். ஆய்வுகூடத்திலிருந்து அறை, அறையிலிருந்து ஆய்வுகூடம். மற்ற எல்லாப் பற்களையும் சீவிக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்க்கிறேன். அதை மட்டும் தொடவில்லை.

கேட்க வந்தது இதுதான். அந்த வேர்த்துண்டை மட்டும் வெட்ட விடு. எலும்பு தின்ற குழிகள் மட்டுமே இருந்தால், என் கைக்குள் எல்லாமே செத்தது என்று தெரிந்துகொள்வேன். எங்காவது ஒரு மயிரிழையளவு நார் திரும்ப ஒட்டியிருந்தால் அதையும் தெரிந்துகொள்வேன். மேற்பாகத்தை நான் வைத்திருக்கமாட்டேன். வவுனியாவுக்குக் கொண்டுபோய், "இது உங்கட மகளின்ர பல், நான் பொய் சொன்னனான்" என்று உன் அம்மாவிடம் என் வாயால் சொல்வேன். தரமாட்டன் என்றாய். தா.