தொண்ணூற்றாறு கால்கள்

மார்ச் 4

அறிக்கை போய்விட்டது. அனுப்பிய பிறகும் மூன்று முறை திறந்து படித்தேன். நீலவிளிம்பிப் பட்டாம்பூச்சி மிஞ்சியிருப்பது இரண்டே இடங்களில்: கல்குவாரிக்குப் பின்னால் உள்ள மேடு, ஏரியோரச் சதுப்பு. இடத்துக்கு நாற்பத்தெட்டு பூச்சி, பூச்சிக்கு ஒரு கால் நுனி. கிள்ளிக்கொண்டு பறக்க விட்டுவிடுவோம். அந்த நுனியிலிருந்து எடுத்த மரபணு சொல்வது: சதுப்புக் கூட்டம் சொந்தத்துக்குள்ளேயே கூடிக் கூடி நலிந்துவிட்டது, மேட்டுக் கூட்டம் திடமாக இருக்கிறது. ஆகவே மேட்டிலிருந்து இருபது இளம் பெண் பூச்சிகளைப் பிடித்துச் சதுப்பில் விட வேண்டும். கையெழுத்து என்னுடையது.

அக்கா கேட்டாள், "பூச்சிக்கெல்லாம் நல்ல எடமாப் பாத்து சம்பந்தம் பேசறே. உனக்கு எப்போ?" பாத்திரம் கழுவுகிற சாக்கில் தப்பித்தேன்.

மார்ச் 9

உட்கார முடியவில்லை. எதையோ மறந்த மாதிரி. எதை?

மார்ச் 11

பின்னிணைப்புக்காக ஆண், பெண் விவரம் எடுத்தேன். பெண்ணுக்கு மட்டுமே உள்ள மரபணுத் துண்டு ஒன்று உண்டு. அது இருந்தால் பெண். ஏழாம் எண் பூச்சி களக்குறிப்பில் பெண், மரபணுவில் ஆண். முப்பத்தொன்றும் அப்படித்தான்.

களக்குறிப்பு எழுதியது வலையண்ணன். இருபது வருடமாக வலையும் கையுமாக அலைகிறவர். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் வலையண்ணன்தான். போன் செய்து, "ஆண் எது பெண் எதுன்னு பாக்காமலே எழுதிட்டீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதும்மா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் வாய் இருக்கிறதே!

மார்ச் 12

மன்னிப்புக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன், வைத்தேன். தப்பு அவருடையதுதானே? அவருடையது – தானே?

மார்ச் 14

காலையில் முதல் வேலையாக முழுப் பட்டியலையும் ஒப்பிட்டேன். தொண்ணூற்றாறில் நாற்பத்திரண்டு பொருந்தவில்லை. ஒன்றிரண்டு என்றால் கண் தவறும். நாற்பத்திரண்டா? கண்ணைக் கட்டிவிட்டால்தான் இவ்வளவு தவறும்.

கை சும்மா இருக்காமல் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினேன். தொண்ணூற்றாறாவது முடிவை ஒன்றாம் பூச்சிக்கு, தொண்ணூற்றைந்தாவதை இரண்டாம் பூச்சிக்கு. எல்லாம் பொருந்தின. ஒன்று விடாமல்.

தட்டைத் திருப்பி வைத்திருக்கிறேன். தொண்ணூற்றாறு குழித் தட்டு அது, குழிக்கு ஒரு பூச்சியின் மரபணுச் சாறு. மரபணு படிக்கும் எங்கள் பழைய இயந்திரத்தில் எந்தப் பக்கம் வைத்தாலும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் எப்போதும் கடைசிக் குழியைக் காலியாக விடுவோம். காலிக் குழி முதலில் வந்தால் தட்டு திரும்பிவிட்டது என்று தெரிந்துவிடும். இந்த முறை நாற்பத்தெட்டும் நாற்பத்தெட்டும் கச்சிதமாக இருக்கிறதே என்று அதையும் நிரப்பிவிட்டேன். பெரிய கெட்டிக்காரி.

முதல் பாதி மேடு, மறுபாதி சதுப்பு. அப்படியென்றால் நலிந்து கிடப்பது மேடு. அங்கேயிருந்துதான் பெண்களைப் பிடுங்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன் நான். வலையண்ணன் பிடிக்கத் தொடங்கும் நாள் இன்றுதான்.

அதே நாள், மாலை

வலையண்ணன் போனை எடுக்கவில்லை. என் நம்பர் என்று தெரிந்தேதான். பதினோரு முறை அடித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு குவாரிக்கு ஓடினேன். காலிப் பெட்டியோடு சதுப்பிலிருந்து திரும்பி, மறுபடி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதினது எல்லாம் சரிண்ணா. நான்தான் தட்டைத் திருப்பி வச்சுட்டேன். இங்கேருந்து ஒண்ணுகூட எடுக்கக் கூடாது."

"ஒம்பதைக் கொண்டுபோய் விட்டாச்சேம்மா."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல். அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"சரி, அழறதை அப்புறம் வச்சுக்கலாம். வெயில் எறங்கிட்டா எல்லாம் புல்லுக்குள்ள போயிடும். வலைய எடு."

சதுப்புக்குப் போய், விடும்போது அவர் இறக்கையில் வைத்த மைப்புள்ளியை அடையாளமாகக் கொண்டு தேடினோம். நான்கு கிடைத்தன, நான்கும் அவர் வலையில். இரண்டை நான் தவறவிட்டேன். முதல் போனை அவர் எடுத்திருந்தால்? நான் அப்படிப் பேசாமல் இருந்திருந்தால் எடுத்திருப்பார்.

மார்ச் 15

இயக்குநர் மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"எனக்கு, வலையண்ணனுக்கு, உங்களுக்கு."

"இனிமே எல்லாருக்கும் தெரியணும். திருத்தம் உன் பேர்லயே போகட்டும்."

எழுதி அனுப்பினேன். நான்கே வரி.

மார்ச் 22

மிச்சம் வைத்திருந்த சாற்றை மறுபடி இயந்திரத்தில் ஓட்டினேன், இந்த முறை ஒரு பூச்சியை விட்டுவிட்டு, கடைசிக் குழி காலி. சந்தேகமே இல்லை, நலிந்தது மேடுதான். அதிலிருந்து ஐந்து பெண்களை நான் தொலைத்திருக்கிறேன். ஐந்துதானே என்று யாரோ சொன்னார்கள். போன வருடம் மேட்டில் எண்ணிய பெண்களே அறுபதுதான்.

ஏப்ரல் 3

திட்டம் தலைகீழாகிவிட்டது. சதுப்பில் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்த அன்றே பிடித்த பதினைந்து பெண்களை, மைப்புள்ளி வைத்து, மேட்டில் விட்டோம். இனி அவை மேட்டு ஆண்களோடு சேர்ந்து முட்டையிட வேண்டும். விடுமுறை எடுத்துக்கொண்டு தினமும் போகிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 8

முட்டை இல்லை.

ஏப்ரல் 10

மழை. மைப்புள்ளி வைத்த ஒன்று செத்துக் கிடந்தது. அக்கா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை. கிண்டல் ஒன்றும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஏப்ரல் 13

காலை ஒன்பதரை. மேட்டின் கிழக்குச் சரிவில் மைப்புள்ளி வைத்த பெண் ஒன்று ஒரு செடியை விட்டு நகரவே இல்லை. அது பறந்ததும் போய் இலையைத் திருப்பினேன். முட்டைகள்! குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இரண்டு முறை.

"பதினொண்ணுண்ணா."

வலையண்ணன் பக்கத்தில் வந்து குனிந்தார். அவசரமே படவில்லை.

"பன்னண்டும்மா."

நடு நரம்பை ஒட்டி ஒன்று இருந்தது. பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டேன்.