உன் வெள்ளிக்கிழமையில் என் பங்கு

சேசு மரி சூசை

பட்டுக்கோட்டை
30.10.2005, ஞாயிறு

அன்பு மகள் ஜெனித்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நான், அப்பா, புதிதாகக் கன்று போட்ட பசு எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன்னைக் கேட்பதைவிடக் கோட்டயத்தில் இருக்கிற மரியக்குட்டி அம்மாவைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள் போலிருக்கிறது. உன் ரூமில் கூட இருக்கும் ஷைனியைப் பெற்ற மகராசி, வெள்ளிக்கிழமைதோறும் போனிலேயே உங்கள் இருவரையும் செபமாலை முழுவதும் சொல்லவைக்கிறார்களாம், போன மாதம் நீயே வாய் நிறையச் சொன்னாய். எனக்குப் போன் போட்டால் மட்டும் டூட்டிக்கு நேரமாச்சும்மா வைக்கிறேன் என்கிறாய். நம் வீட்டில் இருந்தபோது தமிழில் செபமாலையின் ஒரு பத்து மணியை உருட்டி முடிப்பதற்குள் கொட்டாவி விட்டுச் சுவரில் சாய்ந்தவள் நீ, இப்போது மலையாளத்திலேயே முழு மாலையும் சொல்கிறாயாம், நல்லா இரு. அந்த அம்மா நல்லவர்கள்தான், நான் குறை சொல்லவில்லை, மீன் குழம்பைத் தேங்காய் எண்ணெயில் வைப்பார்களாக்கும் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். அதற்கு அவர், ஒனக்கு வயிறு எரியுதுடி, அதுக்கு அவங்க எண்ணெய் என்ன பண்ணும் என்று சிரிக்கிறார். எரியத்தான் எரிகிறது, இல்லை என்றால் பொய்.

இந்த மாதம் மாதா சுரூபம் வீடு வீடாக வந்ததல்லவா, ஒரு வீட்டில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போவது. நமக்கு விழுந்தது செவ்வாய்க்கிழமை. நான் விடுவேனா. நம் தெருச் செபக்கூட்டத்து அன்பியத் தலைவி ரோஸ்லினிடம் போய், குவைத்தில் என் மகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு என்று கெஞ்சி, அவள் முறைக்க, ஒரு சீப்புப் பூவன் பழம் கொடுத்து நாளை மாற்றி வாங்கினேன். அதோடு நின்றேனா, செபமாலையின் மூன்றாவது பத்து மணியைக் குவைத்திலிருந்து என் மகள்தான் சொல்வாள் என்று தெரு முழுக்கப் பெருமை அடித்துவிட்டேன். கோட்டயத்தால் முடிந்தது பட்டுக்கோட்டையால் முடியாதா. நடவுக்குப் போன பெண்கள் காலில் சேற்றைக் கழுவியும் கழுவாமலும் வந்துவிட்டார்கள், பக்கத்து வீட்டுக் கமலாம்பாள்கூட எல்லாச் சாமியும் ஒண்ணுதான் என்று சொல்லிச் சுண்டல் வேகும் முன்னே வந்து உட்கார்ந்தாள். அப்பா செல்போனில் சத்தத்தைக் கூட்டி மாதா காலடியில் வைத்தார்.

நீ அருமையாகத்தான் தொடங்கினாய். அருள் நிறைந்த மரியே என்று உன் குரல் வந்ததும் ரோஸ்லினைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். செபமாலையில் ரெண்டு மூன்று மணி உருண்டது, உன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, அப்புறம் போனில் கர்ர் என்று ஒரு சத்தம். லைன் சரியில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் அர்ச்சிஷ்ட மரியாயே என்று பதில் சொன்னார்கள். மறுபடி கர்ர், மறுபடி அர்ச்சிஷ்ட மரியாயே. முட்டி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உன் குறட்டைக்கு மொத்தத் தெருவும் பதில் சொல்லி அந்தப் பத்தை முடித்தேவிட்டோமடி. கமலாம்பாள்தான் கண்டுபிடித்து, ஏண்டி செல்வி, இதுவாடி செபம், ஒம்மக தூங்குறாடி என்றாள். சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தி அணைந்துபோனது. ரோஸ்லின் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கோட்டயத்து அம்மாவுக்கு முழு மாலையும் முழித்திருப்பவள் எனக்கு ஒரு பத்து முழித்திருக்க மாட்டாளா என்று ஆத்திரம். போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் உன்னை எழுப்பி நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் ஷைனி எடுத்துவிட்டாள். அம்மே மெதுவா, ஜெனித் நல்ல உறக்கம், ராத்திரி டூட்டி முடிஞ்சு பகலும் வேற ஆளுக்காக நின்னா, லீவு நாளையும் யார் கேட்டாலும் கொடுத்துடுவா என்றாள். அப்படியானால் உங்கள் அம்மாவிடம் மட்டும் எப்படியம்மா முழித்திருக்கிறாள் என்று வெட்கமில்லாமல் கேட்டேவிட்டேன். அதற்கு அவள், அங்க அவ உட்காரவே மாட்டா அம்மே, தூங்கிட்டா மரியாதை இல்லைன்னு நின்னுக்கிட்டே சொல்லுவா, நடுவுல போய் முகம் கழுவுவா, இன்னைக்கு உங்க சத்தம் கேட்டதும் தலையணையில சாஞ்சா, அவ்வளவுதான் என்றாள்.

போனை வைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து மாதா பக்கத்தில் வைத்து, எல்லோரையும் வாயில் விரலை வைத்து அடக்கினேன். மிச்சச் செபத்தைக் கிசுகிசுப்பாகவே சொன்னோம். கோயிலே அதிரப் பாடும் ரோஸ்லின்கூட மாதா பாட்டைத் தாலாட்டு மாதிரிப் பாடினாள், பாவம், நல்லவள்தான். அப்பா சுண்டல் கொடுக்கும்போது, புயல் அடிக்கையில ஆண்டவரே படகுல தூங்குனாரு, எம்மக போன்ல தூங்கக் கூடாதா என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். வெள்ளிக்கிழமையை யாருக்கும் தூக்கிக் கொடுக்காதே. உலகத்தைப் படைத்தவரே ஏழாம் நாள் ஓய்ந்து உட்கார்ந்தார், உன் ஆஸ்பத்திரியில் அதைவிடவா வேலை. முடியாது என்கிற வார்த்தை உனக்கு வராமல் இல்லை, என்னிடம் சரளமாகத்தான் வருகிறது, அதை அங்கேயும் ஒரு முறை சொல்லிப் பார். காலையில் பூசை கண்டு, வயிறாரச் சாப்பிட்டு, இங்கே விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் போடு. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், காதோரம் வைத்துக்கொண்டு படு, உன் பங்குக்கும் சேர்த்து நானும் அப்பாவும் சொல்லிவிடுகிறோம். ஆண்டவருக்குக் கணக்குத் தெரியும், யார் சொன்னது யாருக்கு என்று.

மாதா தன் முந்தானையால் உன்னை மூடிக் காப்பாளாக, ஆண்டவர் உன் கை கால்களுக்குப் பலம் தருவாராக. ஏசியில் போர்த்தாமல் படுக்காதே. ஷைனிக்கும் அவள் அம்மாவுக்கும் என் தோத்திரம் சொல். அந்த அம்மாவிடம் எத்தனை மாலை வேண்டுமானாலும் நின்றுகொண்டு சொல், நான் ஏன் என்று கேட்க மாட்டேன். தூங்குவது மட்டும் என்னிடம்தான், அதில் கோட்டயத்துக்குப் பங்கு கிடையாது.

உன்னைப் பெற்றவள்,
அருள்செல்வி குழந்தைராஜ்