புசெரோல் பாலமும் செல்லாத அறுபத்தொரு சீட்டும்

புசெரோல், பிரான்ஸ்
18 நவம்பர் 2019

அன்புள்ள தம்பி நெவிலுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

இங்கே எனக்கு மண்டை காய்கிறது. மார்ச்சில் ஊராட்சித் தேர்தல். ஜனவரியோடு நம் இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டால் நான் இங்கே தேர்தலில் நிற்கவும் முடியாது, ஓட்டுப் போடவும் முடியாது. பன்னிரண்டு வருஷம் ஊராட்சி மன்ற உறுப்பினராக இருந்தவள். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறேன். இரண்டு வருஷமாவது ஆகுமாம். வெளியேறுவதை இன்னொரு தரம் தள்ளிப்போட்டால் பிழைத்தேன்.

பதவி கிடக்கட்டும், பாலம்தான் என் கவலை. பள்ளிப் பேருந்தை அது தாங்காது என்று நிறுத்தி ஆறு வருஷமாகிறது. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மழையிலும் மெயின் ரோடு வரை நடக்கிறார்கள். அதைப் புதுப்பிக்க நடையாய் நடந்து மேலிடத்து அனுமதி எல்லாம் வாங்கிவிட்டேன். புது மன்றம் தீர்மானம் போடுவது ஒன்றுதான் பாக்கி. மாட்டுப்பண்ணைக்காரன் மொரேல் மன்றத்துக்குள்ளே வந்தால் விடமாட்டான். "என் மாடு போற வழியில பஸ்சு எதுக்கு?" என்று போன கூட்டத்திலேயே கேட்டான்.

ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று 2016இல் வாக்கெடுப்பு வைத்தபோது, வெளிநாட்டில் பதினைந்து வருஷம் இருந்தவளுக்கு ஓட்டில்லை என்று என்னைக் கழித்துவிட்டார்கள். "இருக்கணும்னு என் ஓட்டையும் சேர்த்து நீதான் போடணும்" என்று போனில் சொன்னேன், நீயும் சரி என்றாய். அந்த ஆறுதலாவது இருக்கிறது.

ஈஸ்டருக்கு வந்துவிடு. வாத்துக்கறி டப்பா ஒன்று உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா ஹேசல்

ஹோம்பர்ன், இங்கிலாந்து
9 பிப்ரவரி 2020

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதை விடு.

நாடு வெளியேறிவிட்டது. உன் இடமும் போய்விட்டது. ஒன்றை மறைத்துக்கொண்டு ஈஸ்டருக்கு உன் மேசையில் வந்து உட்கார முடியாது. அன்றைய வாக்கெடுப்பில் நான் வெளியேறத்தான் ஓட்டுப் போட்டேன்.

இங்கே படகுத்துறை பூட்டிக் கிடக்கிறதே, நகராட்சியில் எத்தனை தரம் கேட்டிருப்பேன். "நாங்க என்னங்க பண்றது, ஐரோப்பாக்காரன் சட்டம்" என்று அந்த அதிகாரி ஒவ்வொரு தரமும் கையை விரித்தான். அந்த எரிச்சல். ஓட்டுச்சீட்டில் குறி போடப் பென்சிலை எடுத்தபோது உன் நினைவு வந்தது. வந்தும் போட்டேன்.

போன வாரம் மறுபடி போய், "இனிமே தடை இல்லையே, திறங்க" என்றேன். "சீர் பண்ற நிதியே அங்கேருந்துதான் வர வேண்டியிருந்துச்சு. இனி வராதுங்க" என்கிறான். அதே ஆள், அதே நாற்காலி.

என் ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது. இருந்தாலும் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தம்பி,
நெவில்

புசெரோல்
16 மார்ச் 2020

நெவில்,

நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நேற்றுத் தேர்தல். இங்கே ஓட்டுச்சீட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டு வேறு பெயரைக் கையால் எழுதுவது வழக்கம். எண்ணும்போது ஊர் முன்னால் உரக்கப் படிப்பார்கள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். மூன்றாவது சீட்டிலேயே மேயர் தயங்கினார். "ஹேசல். வேட்பாளர் இல்லை, செல்லாது" என்றார். பிறகும் அதே. அறுபத்தொரு தரம். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படித்தார்.

என் இடத்தில் நின்றவள் கொலெத். பாலத்தை முடிப்பேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். என்னை எழுதியவர்கள் பாதிப்பேர் அவளைத்தான் அடித்திருந்தார்கள். நாலு ஓட்டில் தோற்றாள். மொரேல் உள்ளே போய்விட்டான். பாலம் போயிற்று.

"செல்லாதுன்னு தெரியுமேம்மா, ஏன் எழுதினீங்க?" என்று ரொட்டிக்கடைக்காரியைக் கேட்டேன். "அது உங்க இடம். அதுல வேற பேரை வச்சுப் பார்க்க மனசு வரல" என்றாள்.

அவர்கள் பாலத்தையே கெடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் மேல்தான் வருகிறது. அறுபத்தொரு பேர் செல்லாத ஓட்டை எனக்குத் தந்தார்கள். செல்லுகிற ஓட்டு ஒன்றே ஒன்று இருந்தது, அது உன் கையில் இருந்தது.

ஈஸ்டருக்கு வர வேண்டாம். வாத்துக்கறி டப்பாவைக் கொலெத் வீட்டில் கொடுத்துவிட்டேன்.

ஹேசல்