கடைசல் மெஷினும் எலுமிச்சம்பழமும்

ஆவணி, வெள்ளி இரவு

என் சொந்தக் கடைசல் மெஷின் இன்று ஓடியது. ஓடிய முதல் நிமிடமே எதிர்வீட்டு அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை பாழ்.

பூஜைக்கு மல்லிகைச் சரத்தையும் புளியங்குடி எலுமிச்சம்பழத்தையும் கட்டியது என் கணவர்தான். நெசவுக்காரர், தறிக்கு மாலை போட்டுப் பழகிய கை. தறியின் சட்டம் சுழலாது. இவரோ மரத்தைப் பிடித்துச் சுழற்றுகிற தலையிலேயே கட்டிவிட்டார். கும்பிட்ட வேகத்தில் நானும் கவனிக்காமல் சுவிட்சைப் போட்டேன். பூ நாலாபக்கமும் தெறித்தது. குங்குமம் தடவிய பழம் நேராக அண்ணாச்சியின் நெஞ்சில் போய் விழுந்தது.

"சகுனமே சரியில்லையேம்மா. பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு இந்த மெஷினு? வித்துரு," என்றார்.

தப்பான இடத்தில் கட்டியது தான்தான் என்று என் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் மெஷின் தலையில் சுற்றிக்கிடந்த பூ நாரைப் பிரித்தெடுத்துவிட்டு மாங்கட்டையை மாட்டினேன். உளியை வைத்ததும் சீவல் சுருள் சுருளாக வந்தது. மத்தியானத்துக்குள் பூரிக்கட்டை ஒன்று தயார். ஒரு முனை கொஞ்சம் மெலிவுதான். ஆனாலும் என்ன வழவழப்பு! வேலை எதுவும் ஓடாமல் அதையே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வேறு சட்டையில் வந்தார். பூரிக்கட்டையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"வீட்ல மத்து உடைஞ்சு கெடக்கு. ஒண்ணு கடைஞ்சு தாரியாம்மா?"

"தாரேன் அண்ணாச்சி. நல்ல சகுனமா பாத்துச் சொல்லுங்க," என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாலையைக் கட்டியது தான்தான் என்று இவர் அப்போதும் சொல்லவில்லை. மத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க இவரைத்தான் அனுப்பப் போகிறேன். சொல்லாமல் திரும்பி வரட்டும், பார்க்கிறேன்.