நூறு மீட்டரில்

9.9.1971, வியாழன். எர்லாங்கன்

குழந்தை அம்பிகாவுக்கு இருமல் நிற்கவில்லை. மூச்சு சரியாக வருகிறதா என்று இரண்டு முறை எழுந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இவருக்கு வேட்டை லைசன்ஸ் வந்துவிட்டது. ஆறு மாதம், ஆபீஸ் முடிந்து சைக்கிளில் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி வாங்கியது. வீட்டுச் சொந்தக்காரர் ஹெர் லாங் அக்டோபரில் பெக்னிட்ஸ் பக்கத்துக் காட்டுக்கு அழைத்திருக்கிறார். ஒரு செம்மான் சுடலாமாம். ரைபிளும் அவரே இரவல் தருகிறார், பெரியது சின்னது இரண்டில் ஒன்று. எதுவானாலும் அவர் வீட்டு நிலவறையிலேயே பூட்டிக் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். குழந்தை இருக்கிற வீடு.

இவர் சட்டையில் துப்பாக்கி எண்ணெய் வாசனை. உடனே வால்பாறை. அப்பா வேட்டைக்குப் போகும் ஜீப், பிளாஸ்க் காபி, என் கவுன் பையில் கனக்கும் அவர் ஷாட்கனின் எல்.ஜி. தோட்டாக்கள். "எங்கடா என் தோட்டாக்காரி?" என்பார்.

12.9, ஞாயிறு

சின்ன ரைபிள்தானாம். போன குளிர்காலத்தில் ஐஸில் சைக்கிளோடு விழுந்து உடைந்த தோள். சுடும்போது பெரியது பின்னால் உதைப்பதைத் தாங்காது. தோட்டா அட்டவணையில் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். "செம்மானுக்குச் சட்டம் கேக்கறதுக்கு மேலயே இருக்கு பாரு."

ஒரு கண் அடுப்பில் பாலின் மேல்தான். ஆனாலும் பட்டது. வட்டம் போட்டிருப்பது முதல் பத்தி, குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது உள்ள ஆற்றல். சட்டம் கேட்பது நூறு மீட்டரில் மிஞ்சுவதை. அங்கே போய்ச் சேர்வதற்குள் காற்று தன் பங்கை எடுத்துக்கொண்டுவிடும். மிச்சம், ஆட்டளவே இருக்கும் ரே மானுக்குப் போதும். பெரிய செம்மானுக்குப் போதாது.

"என்னங்க, கடைசிப் பத்தியைப் பாக்கணும், நூறு மீட்டர்னு போட்டிருக்கே, அதை."

"வந்துட்டாங்க பிசிக்ஸ் மேடம்." சிரித்தார். பிறகு தாளைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

பரீட்சைக்கு உருப்போட்ட விதிதானே? ஆசை வந்தால் கண் முதல் பத்தியோடு நின்றுவிடுமோ?

13.9

வால்பாறைக் கடமானைப் பற்றி இவரிடம் சொன்னேன். எனக்குப் பத்து வயது. அப்பா சுட்டதும் முன்கால் மடங்கி விழுந்து, எழுந்து, ஓடைப்பக்கம் போய்விட்டது. இருட்டிவிட்டதால் தேட முடியவில்லை. பங்களா வரைக்கும் அதன் சத்தம் கேட்டது. காலையில் போனபோதும் உயிர் இருந்தது. அதற்குப் பிறகு அப்பா துப்பாக்கியைத் தொடவில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை.

"உங்கப்பா சுட்டது ஷாட்கன்ல. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காத, கிரிஜா."

அடிபட்டதுக்குத் தெரியுமா என்ன துப்பாக்கின்னு? கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

25.9, சனி

பெரிய ரைபிளோடு பயிற்சி மைதானம் போனார். ஐந்து குண்டில் மூன்று அட்டையிலேயே படவில்லை. விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்கிறாராம். தோளில் நாவல்பழ நிறம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

பெரிய தோட்டா என்றால் தீர்ந்தது என்று நினைத்தேனே — கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் எங்கே போய்ப் படும்? வயிற்றிலா, காலிலா?

"வர்றேன்னு சொல்லிட்டேன். இப்ப எப்படி முடியாதுங்கறது? அந்தாளு என்ன நினைப்பாரு?"

2.10

அந்தப் பேச்சே இல்லை. அம்பிகாவுக்கு இருமலும் இல்லை.

17.10, ஞாயிறு

காட்டிலிருந்து வந்துவிட்டார். பூட்ஸெல்லாம் சேறு. சின்ன ரைபிளைத்தான் எடுத்துப் போனாராம். செம்மானுக்குப் போதாதென்று தெரிந்துமா?

"ஒண்ணும் கிடைக்கல," என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஃபிராவ் லாங் ஆப்பிள் கேக் கொண்டுவந்தாள். ஒரு காபி குடிக்கும் நேரம் செம்மான் எதிரிலேயே நின்றதாம், கொம்பும் கழுத்துமாக. இவர் ரைபிளை மடியிலிருந்து எடுக்கவில்லையாம். "ரே மான் வந்தால் மட்டும்தான் சுடுவேன்" என்று கிளம்பும்போதே அவள் கணவரிடம் சொல்லியிருக்கிறார். ரே மான் வரவில்லை.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாரேன்.

கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் மூன்று தோட்டாக்கள், மூன்றும் சுடாதவை. உள்ளங்கையில் அதே கனம். அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

8.11, திங்கள்

அப்பாவின் ஏரோகிராம். மழை, முழங்கால் வலி, அம்பிகாவின் பல். கடைசி மடிப்பில்:

"மாப்பிள்ளையை நல்ல டாக்டரிடம் தோளைக் காட்டச் சொல். கடமானைப் பற்றி எழுதியிருந்தாய். அது நின்றது எல்.ஜி. தோட்டாவுக்கு எட்டாத தூரம். தெரியும் எனக்கு. நீ பார்த்துக்கொண்டிருந்தாய், சுட்டுவிட்டேன்."

இவரிடம் இன்னும் காட்டவில்லை. மடித்து, அம்பிகாவின் கவுன்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.