தீர்மானமும் தாய்மாமனும்

ரொம்சோஸ், ஒஸ்லோ
17.11.2008

அன்பு மகள் வினோஜாவுக்கு,

நாங்கள் மூவரும் இங்கே ஒருவாறு சுகமாக இருக்கிறோம். நீ கிராக்கோவ் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, படிப்பில் கண்ணாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். என் வலக்கை விரல் ஒன்று முறிந்து கட்டுப் போட்டிருப்பதால் எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அம்மா தொலைபேசியில் அரைவாசிதான் சொல்லியிருப்பார், மிச்சத்தை ஊரார் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். தங்கச்சி துஷ்யா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில், நிறைந்த மண்டபத்தில், உன் தாய்மாமன் இந்திரகுமாரை நான் பித்தளைச் செம்பால் அடித்தேன். அவனுக்குப் புருவம் பிளந்து தையல் போட்டிருக்கிறது.

காரணம் உனக்குத் தெரிய வேண்டும். நோர்வே ஐரோப்பியச் சந்தை ஒப்பந்தத்தை விட்டு விலக வேண்டும் என்று எங்கள் பெயின்டர் சங்கக் கிளையில் வரும் சனிக்கிழமை ஒரு தீர்மானம் வருகிறது, கொண்டுவருகிறவன் நான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டாம் என்று தொண்ணூற்று நான்கில் வாக்களித்த நாடு இது. ஆனால் இந்த ஒப்பந்தத்தை மட்டும் கழுத்தில் கட்டிக்கொண்டு இருக்கிறது. அந்த வழியால்தான் போலந்திலிருந்து மலிவுச் சம்பளத்துக்கு ஆட்களை இறக்குகிறார்கள். இப்போது வேலையிடம் எங்கும் இதே சண்டைதான், திராமன் நகரில் இரண்டு நோர்வேக்காரர் கட்டடச் சாரத்தின் மேல் நின்று இதற்காக அடித்துக்கொண்டு, ஒருவன் விழுந்து இடுப்பு நொறுங்கிக் கிடக்கிறான். உன் மாமன் அகதியாக வந்து இறங்கியபோது என் அறையில் படுக்க இடம் கொடுத்து, தூரிகை பிடிக்கப் பழக்கியவன் நான். இன்று அவன் முதலாளி. போலந்துப் பெடியளைப் பாதிச் சம்பளத்துக்குப் பிடித்து, நிலவறையில் விறகு மாதிரி அடுக்கிப் படுக்கவைத்து, ஸ்டோவ்னரில் நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையைப் பறித்தான். என்னோடு நின்ற குலேந்திரன் உட்படச் சிலர் அதனால் வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பெடியளில் எனக்குக் கோபமில்லை, நாங்களும் அப்படிப் படுத்தவர்கள்தான். அவர்களை அப்படிப் படுக்கவைக்கிற எங்கள் ஆளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தாய்மாமன் இல்லாமல் பிள்ளையின் தலையில் பாலறுகு வைக்க முடியாது என்று அம்மா அழுததால்தான் அவனைக் கூப்பிட்டேன். வெற்றிலைத் தட்டத்தோடு வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் தொலைபேசியில் சொன்னேன், அது என் பிழை என்று அம்மா இன்றும் சொல்கிறார், இருக்கட்டும். வந்தான். துஷ்யா பலகையில் தலை குனிந்து நிற்கிறாள். அவன் பாலையும் அறுகையும் கையில் அள்ளியபடி அப்படியே நின்றான். என்ன என்று கேட்டேன். தட்டம் கொண்டுவர அத்தானுக்குக் கை நோகுது, என்ரை பிழைப்பிலை மண் போடத் தீர்மானம் எழுத மட்டும் நோகேல்லையோ, அதை வாபஸ் வாங்கிறன் எண்டு சபையிலை சொல்லுங்கோ, வைக்கிறன் என்றான். சடங்கை முடி, பிறகு கதைப்பம் என்றேன். அவன் சபையைப் பார்த்துத் திரும்பி, மூத்தவள் போலந்திலை டொக்டருக்குப் படிக்கிறாள், ஒப்பந்தம் போனால் அந்தப் பட்டத்தை இஞ்சை ஆர் மதிக்கிறது, இவர் பெத்த பிள்ளையின்ரை கழுத்தையே அறுக்கிற மனிசன் என்றான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செம்பு பக்கத்தில் இருந்தது. இரண்டாம் அடியில் என் விரல் முறிந்தது, மூன்றாவதை அடிக்குமுன் பிடித்துவிட்டார்கள். அவன் பால்சட்டியின் மேல் விழுந்தான், பால் சிவப்பாக ஓடித் துஷ்யாவின் பாதத்தை நனைத்தது. அவனுடைய ஆட்கள் என்னை நிலத்தில் போட்டு மிதித்தார்கள். குலேந்திரன் மடக்குக் கதிரையைத் தூக்கி ஒருவனுடைய முதுகில் இறக்கினார். கிழவிகள் குழறினார்கள். வீடியோக்காரன் மட்டும் கமெராவை நிறுத்தவேயில்லை, அந்தப் படம் இப்போது பொலிசிடம் இருக்கிறது.

அம்மா என்னோடு கதைப்பதில்லை, துஷ்யாவின் அறையில் படுக்கிறார். மாமன் ஆளனுப்பியிருக்கிறான். சனிக்கிழமை தீர்மானத்தை நான் திரும்பப் பெற்றால் முறைப்பாட்டைத் தானும் திரும்பப் பெறுவானாம், இல்லையென்றால் வழக்கு. தண்டனை விழுந்தால் பள்ளிக்கூடங்களில் பெயின்ட் அடிக்க என்னை விடமாட்டார்கள், சிலவேளை உள்ளேயும் போடுவார்கள். அக்கா சொன்னால் கேப்பியளோ அப்பா என்று நேற்று துஷ்யா கேட்டாள். ஆகவே உன்னிடம் முதலே சொல்கிறேன், என்னைத் தடுத்து எழுதாதே, மாமனுக்கும் தொலைபேசி எடுக்காதே. அவன் உன்னைப்பற்றிச் சொன்னது பொய்யில்லை. ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தும் பார்த்தேன். நாடு விலகினால் உன் பட்டத்துக்கு இங்கே மறுபடி பரீட்சை வைக்கலாம், ஏற்காமலும் விடலாம். அது தெரிந்துதான் சனிக்கிழமை எழுந்து பேசப்போகிறேன். உன்னைக் காட்டி என்னை வாய்மூடப் பண்ணலாம் என்று அவன் நினைத்தானே, அதற்கு நான் இடம் கொடுக்கமாட்டேன்.

அங்கே நடைபாதையெல்லாம் வழுக்கும், பழைய சப்பாத்தை எறிந்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்கு. இரவில் வெறும் தேத்தண்ணீரோடு படுக்காதே. பிள்ளையார் உனக்குத் துணை நிற்பார், நீ நினைத்தது நடந்து நன்றாக இருப்பாய். கிளையில் வென்றாலும் இந்தத் தீர்மானம் மேலே போய், நாடு முழுக்க இழுபட்டு முடிய வருடக்கணக்காகும். ஒரு பரீட்சையையும் பிற்போடாதே. நான் வெல்லுமுன் நீ படித்து முடித்துவிடு, பிள்ளை.

என்றும் உன் நன்மையை நினைக்கும்
அப்பா
சி. இரவீந்திரன்